அப்பப்பா ஓட்டிய லொறி எது? போர்க்காலச் சேவைப் பதிவு தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு படம். காக்கி அரைக்காற்சட்டை அணிந்த அப்பப்பா, ஒரு லொறியின் மிதிபலகையில் ஒரு காலை வைத்து நிற்கிறார். பின்னால் வெறும் மணல். "இரண்டாம் உலகப் போரில் எகிப்தில் லொறி ஓட்டினார்" என்பதற்கு மேல் அப்பாவுக்கும் எதுவும் தெரியாது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவருடைய சேவைக் கோப்பை எடுக்க எனக்கு இரண்டரை ஆண்டு பிடித்தது. அதில் ஒன்றரை ஆண்டு முழு வீண். வெள்ளவத்தையில் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்த விவரத்தை நான் லண்டனில் தேடிக்கொண்டிருந்தேன்.

1939 முதல் 1945 வரையான போரில் பணியாற்றிய தாத்தா, பாட்டன், பெரியப்பா யாரையாவது தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுதந்திரத்துக்குப் பின்னர் உருவான இலங்கை இராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு வழி வேறு. அதை இங்கே தொடவில்லை.

1. விண்ணப்பப் படிவத்தைத் திறக்காதீர்கள், பெட்டியைத் திறவுங்கள்

நீங்கள் தேடுவது நான்கு பொருள்களை. முதலாவது, சட்டைப் பைக்குள் அடங்கும் பழுப்பு நிறச் சம்பளப் புத்தகம். படைவீரனின் சேவை இலக்கம், பிறந்த திகதி, சேர்ந்த நாள், தொழில், நெருங்கிய உறவினரின் பெயர், போட்ட தடுப்பூசிகள் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த விடுவிப்புப் புத்தகம். மேலதிகாரி எழுதிய நற்சான்று அதில் இருந்தால் அவர் என்ன வேலை செய்தார் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். மூன்றாவது, கழுத்தில் கயிற்றில் கோத்துப் போட்டிருந்த அடையாளத் தகடுகள்: வட்டமான சிவப்பு ஒன்று, எண்கோண வடிவில் பச்சை ஒன்று. உலோகம் அல்ல, அழுத்திய நார்ப்பொருள் என்பதால் பழைய பொத்தான் என்று நினைத்து எறிந்த வீடுகள் உண்டு. நான்காவது, இராணுவம் கொடுத்த ஓட்டுநர் அனுமதிப் புத்தகம்.

நம் வீடுகளில் இவை அலமாரியின் முன்தட்டில் இருக்காது. சீருடை அணிந்த ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்க முடியாத காலம் ஒன்றை நாம் கடந்து வந்திருக்கிறோம். எங்கள் மாமி 1983க்குப் பிறகு அப்பப்பாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, கூறைச் சேலையின் மடிப்புக்குள் வைத்துவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆகவே "இராணுவப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். எந்தக் கிழவியும் இல்லை என்றுதான் சொல்வார். "அப்பப்பாவின் பழைய கடிதம், பென்ஷன் கடதாசி ஏதாவது?" என்று கேளுங்கள். கொழும்பில் வீடு எரிந்து எல்லாம் போயிருந்தால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பாமாரிடம் கேளுங்கள். படத்தின் இன்னொரு பிரதி அங்கே போயிருக்க வாய்ப்பு நிறைய உண்டு.

செலவு: பலகாரப் பெட்டி ஒன்று. காலம்: வயதானவர்கள் உடனே நினைவுக்குக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு மூன்று முறை போக வேண்டும்.

2. பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தைப் பிடியுங்கள்

என் ஒன்றரை ஆண்டை விழுங்கிய குழி இதுதான்.

நமக்குத் தந்தை பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். படையில் சேர்ந்த அன்று மேசையில் இருந்த எழுத்தருக்கு எது குடும்பப் பெயர் என்ற கேள்வியே எழுந்திருக்காது. பின்னால் வந்ததைக் குடும்பப் பெயராக்கிவிட்டுத் தந்தையின் பெயரை முதற்பெயராக்கிவிடுவார், அல்லது தலைகீழாகச் செய்வார். இரண்டையும் தேடிப் பாருங்கள். அடுத்தது எழுத்து. கந்தையா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 'டி' (D) போட்டவர் உண்டு, 'டி'யோடு 'எச்' (DH) சேர்த்தவர் உண்டு, 'டி'க்குப் பதிலாக 'டீ-எச்' (TH) போட்டவரும் உண்டு. கடைசியில் 'ஏ'யா 'ஏ-எச்'சா என்பது அன்றைய எழுத்தரின் மனநிலை. ஞானஸ்நானப் பெயர், செல்லப்பெயர், வயதைக் கூட்டிச் சொன்ன பிறந்த திகதி எல்லாம் இதற்கு மேல்.

சேவை இலக்கம் இந்தக் குழப்பத்துக்குள் வராது. சம்பளப் புத்தகத்தில் இல்லாவிட்டால் தகட்டில் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் அவர் வீட்டுக்கு அனுப்பிய கடித உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அனுப்புபவர் விலாசத்தில் இலக்கத்தையும் எழுதுவது படையினரின் வழக்கம்.

ஒரு சிறு எச்சரிக்கை: இலக்கத்துக்கு முன்னால் ஓர் எழுத்தும் சாய்கோடும் இருந்தால், அந்த எழுத்து பிரிவைக் குறிக்கிறது. பிரித்தானிய இராணுவத்தின் ரோயல் ஆர்மி சர்விஸ் கோர் என்ற வழங்கல், போக்குவரத்துப் படையில் 'டி' (T) என்றால் போக்குவரத்துப் பிரிவு, 'எஸ்' (S) என்றால் வழங்கல் பிரிவு. தேடும்போது எழுத்தோடு ஒரு முறையும், இலக்கத்தை மட்டும் போட்டு ஒரு முறையும் பாருங்கள். என் அப்பப்பாவின் இலக்கத்துக்கு முன்னால் இருந்த 'டி'யை நான் பல மாதங்கள் '7' என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

3. படத்தை யாரிடமும் கொடுக்காமல் பிரதி எடுங்கள்

நான் அசல் படத்தை ஒரு படக்கடையில் கொடுத்தேன். அழகாகச் சட்டம் போட்டுத் தந்தார்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை அரை அங்குலம் வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் லொறியின் இடப்பக்க மட்கார்ட் இருந்தது. அதிலிருந்த சின்னம் போய்விட்டது.

ஸ்கேனரை நீங்களே இரவல் வாங்குங்கள், அல்லது பக்கத்தில் நின்று எடுப்பியுங்கள். ஸ்கேனரின் நுணுக்க அளவு 600 டிபிஐக்குக் குறையாமல், முழு ஓரத்தோடு, பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, தணிக்கை முத்திரை, பென்சில் எழுத்து எது இருந்தாலும் அது ஆதாரம். கைத்தொலைபேசியால் எடுத்தால் வெயில் நேராகப் படாத யன்னலோரத்தில் வைத்து எடுங்கள். பழைய படத்தாள் வளைந்திருந்தால் இஸ்திரிப்பெட்டியை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கொழும்பில் எடுத்த படமாக இருந்தால் பின்னணியைக் கவனியுங்கள். குதிரைப் பந்தயத் திடலின் பார்வையாளர் மேடை தெரிந்தால், போர்க்காலத்தில் அது விமான ஓடுபாதையாக இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தும் எழுந்தன. போர் நினைவுத் தூண் காலிமுகத்திடலில் நிற்பதாகத் தெரிந்தால், அது இன்றைய இடத்துக்கு மாற்றப்படும் முன் எடுத்த படம். கடலோரத்தில் நின்றால் எதிரிக்கு இலக்காகும் என்று அஞ்சிப் போர்க்காலத்தில் அதை இன்றைய விகாரமகாதேவிப் பூங்காவுக்கு நகர்த்தினார்கள்.

4. வாகனத்தை வாசிப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. பலர் இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கோ படைப்பிரிவைக் காட்டிக்கொடுத்ததே வாகனம்தான்.

முதலில் பொனெட்டின் பக்கவாட்டில் அல்லது கதவில் எழுதியிருக்கும் இலக்கம். பிரித்தானிய இராணுவ வாகனங்களில் முதல் எழுத்து வகையைச் சொல்லும்: 'எல்' லொறி, 'இசட்' பதினைந்து ஹண்டிரட்வெயிட் (முக்கால் தொன்) வகைச் சிறிய ட்ரக், 'எம்' கார், 'சி' மோட்டார் சைக்கிள், 'ஏ' அம்புலன்ஸ். பின்வரும் இலக்கங்கள் ஒப்பந்தம் ஒப்பந்தமாகத் தொகுதியாக ஒதுக்கப்பட்டவை. ஆகவே முழு இலக்கமும் தெளிவாக இருந்தால், எந்தத் தொழிற்சாலையின் எந்த மாதிரி என்று பழைய இராணுவ வாகன ஆர்வலர்களால் சொல்லிவிட முடியும்.

அடுத்து மட்கார்ட்டுகள். ஒன்றில் படையணியின் சின்னம் இருக்கும், மற்றதில் பிரிவைக் குறிக்கும் வண்ணச் சதுரமும் வெள்ளை இலக்கமும் இருக்கும். வழங்கல், போக்குவரத்துப் படைக்குச் சதுரம் மூலைவிட்டமாகப் பிரிந்து சிவப்பும் பச்சையும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கருமையில் விழும். கணினியில் ஒளிவேறுபாட்டைக் கூட்டினால்தான் மூலைக்கோடு தெரியும். முன்னால் வட்டத் தகட்டில் தனி இலக்கம் ஒன்று இருந்தால் அது பாலம் தாங்கும் எடைக்கான வகுப்பு. அதைப் படைப்பிரிவு இலக்கம் என்று நம்பி நான் மின்னஞ்சல்கூட அனுப்பினேன். நீங்கள் அனுப்ப வேண்டாம். சின்னத்தில் காண்டாமிருகத் தலை இருந்தால் அது 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன். அவர்கள் பர்மா போகும் முன் இலங்கையில் தங்கியிருந்தார்கள். உங்கள் தாத்தா அந்த வண்டியின் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு முகம். மூக்கு குட்டையாக, சப்பையாக, காற்றுக்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் கனடாவில் செய்த இராணுவ மாதிரி. ரேடியேட்டர் வலை வைர வடிவக் கண்களோடு இருந்தால் செவ்ரோலெட், சதுரக் கண்களோடு இருந்தால் ஃபோர்ட். ஓட்டுநர் கூடு எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தால், நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ஃபோர்ட் கியூ.எல். ஆக இருக்கலாம். எகிப்திலும் நம் ஊரிலும் இவை எல்லாம் ஓடின.

ஜீப்பில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். "அப்பாவின் போர்க்கால ஜீப்" என்று கராஜில் வைத்திருக்கும் பல வண்டிகள் போருக்குப் பின் வந்த பொதுமக்கள் மாதிரி. முன்முகத்திலுள்ள பிளவுகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்பின் அழுத்துத்தகட்டு முகத்தில் ஒன்பது பிளவுகள், பிந்தியதில் ஏழு. போர்க்காலத்ததில் முன்விளக்குகள் சிறியவை, உள்ளே பதிந்திருக்கும். பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது, மாற்றுச் சக்கரம் பின்னால் தொங்கும். பின்கதவு இருந்து சக்கரம் பக்கத்தில் இருந்தால் அது பிந்திய பொதுமக்கள் மாதிரி. அதே போர்க்கால ஜீப்பை ஃபோர்டும் செய்தது. ஆணித்தலைகளில் 'எஃப்' எழுத்துப் பொறித்திருந்தால் அது ஃபோர்டின் கை. வாங்கப் போகிறீர்களானால் சேசிஸ் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பாசத்துக்கு விலை போடத் தெரிந்த வியாபாரிகள் கொழும்பில் இருக்கிறார்கள்.

படம் இடவலமாகப் புரண்டு அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜீப்பில் ஓட்டுநர் இடப்பக்கம், பிரித்தானிய லொறியில் வலப்பக்கம்.

5. எந்தப் படை என்று முடிவு செய்யுங்கள்

இந்த முடிவு தவறினால் தவறான நாட்டுக்கு விண்ணப்பம் போகும். இலங்கை இலகு காலாட்படை, கரையோரப் பீரங்கிப் படை போன்றவை இலங்கைப் பாதுகாப்புப் படையின் கீழ் இருந்தன. அவற்றுக்கு முதலில் கொழும்பில் தேட வேண்டும். பிரித்தானிய இராணுவத்தின் போக்குவரத்துப் படையிலோ பொறியியல் படையிலோ சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனவர்களுக்கு இங்கிலாந்து. இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் இந்தியாவில் அந்தந்தப் படையின் பதிவு அலுவலகம். மலையகக் குடும்பங்கள் இந்த மூன்றாவது வழியையும் மறக்க வேண்டாம்.

தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

6. கொழும்பில் சேர்க்க வேண்டிய பத்திரங்கள்

மரணச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. இறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப் பிரதி கேளுங்கள். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு, வேலையும் விரைவு. தெரியாவிட்டால் தேடுதல் கட்டணம் கூடும். எப்படியானாலும் பெரிய தொகை அல்ல. யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் பழைய பதிவு அங்கே அழிந்திருந்தால், பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இரண்டாம் பிரதியைக் கேளுங்கள்.

சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எனக்கு இரண்டு பக்கத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அப்போதே பெயரின் ஆங்கில எழுத்தைச் சம்பளப் புத்தகத்தில் உள்ளது போலவே எழுதச் சொல்லுங்கள். என்னுடையவர் தன் விருப்பப்படி எழுதிவிட்டார். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து இணைக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டமைச்சு முத்திரையும் வேண்டும் என்று ஒரு தரகர் பணம் கேட்டார். நான் கொடுக்கவில்லை, இங்கிலாந்திலிருந்து யாரும் அதைக் கேட்கவுமில்லை.

உங்கள் உறவைக் காட்ட அப்பாவின் பிறப்புச் சான்றிதழும் உங்களுடையதும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு வையுங்கள்.

கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அதிகாரிகளின் நியமனங்கள் வர்த்தமானியில் வெளியாகின, ஆகவே தாத்தா அதிகாரியாக இருந்தால் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. சாதாரணப் படைவீரராக இருந்தால் வர்த்தமானியில் நேரத்தைச் செலவிடாமல் பத்திரிகைகளுக்குப் போங்கள். வீரகேசரி 1930இலிருந்து வருகிறது, தினகரன் 1932இலிருந்து. தேசிய அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள். காலையில் போனால்தான் கேட்ட கட்டு மதியத்துக்கு முன் மேசைக்கு வரும்.

7. இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தல்

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த கோப்புகள் 2022 முதல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாக மாறத் தொடங்கின. ஆகவே முதலில் காப்பகத்தின் இணையப் பட்டியலில் இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். அது இலவசம். அங்கே வந்திருந்தால் அங்கேயே கேளுங்கள், இல்லாவிட்டால் அரசின் இணையத்தளம் வழியாக அமைச்சிடம் கேளுங்கள். நான் அமைச்சுக்குக் கட்டியது 30 பவுண். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட வங்கி அட்டை வேண்டும். என் அட்டை இரண்டு முறை மறுக்கப்பட்டது, வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் சரியானது.

இறந்து 25 ஆண்டு ஆகாதவரின் கோப்பு என்றால், நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் சில விவரங்களே தருவார்கள். அப்பாவோ அத்தையோ உயிரோடிருந்தால் அவர்களிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. இடையில் நினைவூட்டல் அனுப்பினால் வேகம் கூடாது. "இரண்டு வாரத்தில் எடுத்துத் தருகிறோம்" என்று இணையத்தில் சொல்பவர்களிடம் நான் 90 பவுண் இழந்திருக்கிறேன். அவர்கள் அனுப்பியது, இலவசமாகக் கிடைக்கும் பட்டியலின் ஒரு பக்கம்.

8. வந்த கோப்பை வாசித்தல்

இருபது முப்பது பக்கம் வரலாம், நான்கு பக்கமும் வரலாம். சுருக்கக் குறிகளைக் கண்டு மிரள வேண்டாம். 'டி.ஓ.எஸ்.' (TOS) என்றால் ஒரு பிரிவின் கணக்கில் சேர்க்கப்பட்டார், 'எஸ்.ஓ.எஸ்.' (SOS) என்றால் அதிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கம் என்றதும் தண்டனை என்று நினைத்து என் அப்பா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தார். வெறும் இடமாற்றம்தான். 'எம்.ஈ.எஃப்.' மத்திய கிழக்குப் படை, 'சி.எம்.எஃப்.' இத்தாலிப் பக்கம்.

என்ன வாகனம் ஓட்டினார் என்று தனிக்கோப்பில் அநேகமாக இருக்காது, ஓட்டுநர் தரம் மட்டும் இருக்கும். வாகனத்துக்கு அவருடைய கொம்பனி, அதாவது அவர் இருந்த படைப்பிரிவு, நாள்தோறும் எழுதிவந்த போர் நாட்குறிப்பைத் தேட வேண்டும். கியூ காப்பகத்தில் மத்திய கிழக்கு நாட்குறிப்புகள் 'டபிள்யூ.ஓ. 169', இத்தாலி '170', இலங்கையும் பர்மாவும் உள்ள தென்கிழக்காசியா '172' என்ற தொகுதிகளில் இருக்கின்றன. பிரதிக்குப் பக்கக் கணக்கில் பணம். எல்லாவற்றையும் கேட்காமல், அவர் அந்தப் பிரிவில் இருந்த மாதங்களை மட்டும் கேளுங்கள். லண்டனில் பெறாமகனோ மருமகளோ இருந்தால் இன்னும் நல்லது. நேரில் போய் வாசகர் அட்டை எடுத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாம். ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள்.

9. பதக்கங்கள்

பிரித்தானியப் படையினருக்கு இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டன. ஓரத்தில் பெயர் இல்லை என்பதால் போலி என்று எறிந்துவிடாதீர்கள். நாடாவின் நிறங்கள் மங்கியிருந்தாலும் வரிசையைக் குறித்து வையுங்கள். ஆபிரிக்க நட்சத்திரமா பர்மா நட்சத்திரமா என்பது அதில் தெரியும், அதை வைத்தே எங்கே போனார் என்று ஊகிக்கலாம். எங்கள் மாமி குத்துவிளக்குத் துலக்குவது போல அப்பப்பாவின் நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். இப்போது பளபளக்கிறது, ஆனால் எழுத்துகளின் கூர்மை போய்விட்டது. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

10. போய் நிற்க ஓர் இடம்

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் பெயர் இல்லை என்று மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களுக்கானது. வீடு திரும்பிப் பென்ஷன் எடுத்துப் பேரப்பிள்ளை கண்டவர் அதில் இருக்க மாட்டார். திரும்பாதவராக இருந்தால் அங்கே தேடுங்கள். மேலதிக விவரப் பகுதியில் தந்தையின் பெயரும் ஊரும் இருக்கக்கூடும். இலங்கையில் கொழும்பு லிவரமென்டு மயானத்திலும், கண்டி, திருகோணமலைப் போர் மயானங்களிலும் கல்லறைகள் உள்ளன.

மற்றவர்களுக்கு விகாரமகாதேவிப் பூங்காவில், பொது நூலகத்துக்கு எதிரே உள்ள போர் நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் அங்கே நினைவு நிகழ்ச்சி நடக்கும். போரில் இறந்தோரின் நினைவாகப் பொப்பிப் பூ அணிவார்கள். 1930களில் அந்தப் பூ விற்ற பணம் நாட்டுக்கு வெளியே போகிறதென்று எதிர்த்து நம் நாட்டவர் பூவரசம்பூ விற்றதும் உண்டு. நான் இரண்டையும் அணிவதில்லை, அப்பப்பாவின் படத்தின் பிரதியை மட்டும் கொண்டு போகிறேன். அழைப்பு உள்ளவர்களுக்கான பகுதி தனியாக இருக்கும், பாதுகாப்புச் சோதனையும் இருக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் வேறொரு நாள் காலை ஏழு மணிக்குப் போங்கள். நவம்பரில் போனால் பெரும்பாலும் மழை. குடை எடுத்துச் செல்லுங்கள், பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், அசலை வீட்டில் வையுங்கள்.